பயணத்துக்கு கேமரா பை தேர்ந்தெடுப்பது எப்படி: தராசில் தொடங்கி மழை உறை வரை

ஒரு கேமரா, இரண்டு அல்லது மூன்று லென்ஸ். ஒரு வாரம், பத்து நாள் பயணம். அதில் ரயில் உண்டு, அரசுப் பேருந்து உண்டு, சில சமயம் விமானமும் உண்டு. போய்ச் சேர்ந்த ஊரில் விடிகாலை முதல் இருட்டும் வரை நடை. இப்படிப் பயணம் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்யாண வேலைக்குக் காரில் நான்கு பெட்டி ஏற்றிக்கொண்டு போகிறவர்களின் தேவை வேறு. அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

பை வாங்க வருகிற பலரும் கேட்கும் முதல் கேள்வி, "எல்லாம் கொள்ளுமா?" என்பதுதான். எல்லாம் கொள்ளும் பை கையில் இருந்தால் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். மதியம் இரண்டு மணிக்குத் தோள் கடுக்கும். பையை இறக்கித் திறந்து லென்ஸ் மாற்ற மனசே வராது. கடைசியில் பாதிப் படங்களைச் செல்போனில் எடுத்துவிட்டுத் திரும்புவோம். பயணப் பை எவ்வளவு பெரியது என்பதை உங்கள் தோளும், போகிற வழியும், எடுக்க நினைக்கும் படமும் சேர்ந்து தீர்மானிக்கட்டும். அலமாரியில் எத்தனை லென்ஸ் இருக்கிறது என்பதற்கு அதில் வேலையே இல்லை.

எடை போடுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த பயணத்துக்கு எடுத்துப்போக நினைப்பதை எல்லாம் கட்டிலில் பரப்புங்கள். கேமரா, லென்ஸ், உபரி பேட்டரி, சார்ஜர், கேபிள், மெமரி கார்டு, ஃபில்டர், துடைக்கும் துணி, லேப்டாப், பவர் பேங்க். அதோடு கேமராவுக்குச் சம்பந்தமில்லாத பொருட்களையும் பக்கத்தில் வையுங்கள்: தண்ணீர் பாட்டில், குடை, மூக்குக்கண்ணாடிக் கூடு, மாத்திரை, துண்டு, கொறிக்க ஏதாவது. பகல் முழுவதும் வெளியே இருக்கப்போகிறீர்கள் என்றால் இவையும் அதே பைக்குள்தான் போக வேண்டும். கேமரா பை என்று விற்கப்படும் பலவற்றில் இவற்றுக்கு இடமே விட்டிருக்க மாட்டார்கள். உள்ளே எங்கு பார்த்தாலும் ஃபோம் தடுப்புதான்.

அப்புறம் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து எடையைத் தாளில் எழுதுங்கள். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். சோனி ஆல்ஃபா 7 மார்க் 4 பேட்டரி, கார்டோடு 658 கிராம். அதற்கு 24-70 எஃப் 2.8 ஜி மாஸ்டர் லென்ஸின் இரண்டாம் பதிப்பு 695 கிராம் (24-70 என்பது மி.மீ.யில் ஜூம் எல்லை; எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் கூடுதல் வெளிச்சம் வாங்கும்). 70-200 எஃப் 2.8 ஜி மாஸ்டர் இரண்டாம் பதிப்பு 1,045 கிராம். மூன்றும் சேர்ந்து 2,398 கிராம். இரண்டு உபரி பேட்டரி, ஒன்றே கால் கிலோ லேப்டாப், சார்ஜர், கேபிள், ஹார்ட் டிஸ்க் என்று சில்லறைச் சாமான்கள் எல்லாம் சேர்த்தால் நாலரை கிலோவைத் தொட்டுவிடும். இனிமேல்தான் பை. நன்றாக ஃபோம் வைத்த நடுத்தர முதுகுப் பை ஒன்று வெறுமனே 2 கிலோ வரை இருக்கும். அதில் அரை லிட்டர் தண்ணீரையும் சேர்த்தால் 7 கிலோ. மாற்றுச் சட்டை ஒன்றுகூட இன்னும் உள்ளே போகவில்லை.

இதே கேமராவோடு 20-70 எஃப் 4 லென்ஸ் 488 கிராம், 70-200 எஃப் 4 இரண்டாம் பதிப்பு 794 கிராம் என்று எடுத்துப்போனால் மூன்றும் சேர்ந்து 1,940 கிராம். ஏறக்குறைய அரை கிலோ மிச்சம். ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-டி5 557 கிராம், அதன் 16-80 லென்ஸ் 440 கிராம், 70-300 லென்ஸ் 580 கிராம் என்று போனால் மொத்தமே 1,577 கிராம்தான். பகல் வெளிச்சத்தில் ஊர், மலை, முகம் எடுக்கிற பயணத்துக்கு எஃப் 2.8 ஜூம் இரண்டு தேவைப்படுவது அபூர்வம். இருட்டுக்கு ஜூம் இல்லாத சின்ன பிரைம் லென்ஸ் ஒன்று போதும். கேனானின் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் 160 கிராம்தான்.

இந்தத் தாள் கையில் இல்லாமல் பை பார்க்கப் போகாதீர்கள். பை தேர்வில் பாதி வேலை இந்தத் தாளிலேயே முடிந்துவிடுகிறது. லேப்டாப் வேண்டுமா என்ற கேள்வியையும் இங்கேயே தீர்த்துவிடுங்கள். இரண்டு கார்டு செருகும் கேமராவில் ஒரே படத்தை இரண்டிலும் பதிய வைத்தால், ஒரு வாரப் பயணத்துக்கு லேப்டாப்பை வீட்டில் விட்டுப் போகலாம். லேப்டாப் இல்லை என்றானதும் பையும் ஒரு அளவு சிறியதாகிவிடும்.

விமானம் வைக்கும் எல்லை

நம் உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு வழக்கமான எல்லை 7 கிலோ. இண்டிகோவில் அளவு 55 × 35 × 25 செ.மீ.; அதோடு லேப்டாப் பை மாதிரி ஒரு சின்னப் பை 3 கிலோ வரை அனுமதிக்கிறார்கள். திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஏர் ஏசியாவில் கோலாலம்பூர் போகிறவர்களுக்குக் கணக்கு இன்னும் கறார்: கைப்பை, சின்னப் பை இரண்டும் சேர்ந்தே 7 கிலோ. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். டிக்கெட் எடுத்த விமானத்தின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பையின் விளம்பரத்தில் "கேபினுக்கு ஏற்றது" என்று போட்டிருந்தால் அது அளவை மட்டுமே சொல்கிறது. பெலிகன் 1510 என்ற கடினப் பெட்டி இதற்கு நல்ல உதாரணம். வெளி அளவு ஏறக்குறைய 56 × 35 × 23 செ.மீ. அளவில் சிக்கல் பெரிதாக இல்லை. ஆனால் ஃபோமோடு வெறும் பெட்டியே 6 கிலோவுக்கு மேல். நம் ஊர் 7 கிலோ எல்லையில் அதற்குள் ஒரு கேமராவை வைப்பதற்குள் கணக்கு முடிந்துவிடும். ஆகவே பையின் வெற்று எடையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பயணப் பைக்கு ஒன்றரை கிலோவை ஒட்டி இருந்தால் நல்லது. 2 கிலோவைத் தாண்டினால் அந்தக் கூடுதல் எடைக்குச் சரியான காரணம் இருக்க வேண்டும். இடுப்புப் பட்டை, பையை விறைப்பாக நிறுத்தும் உட்சட்டம் போன்றவை சரியான காரணங்கள். எட்டு வெளிப்பாக்கெட்டுகள் காரணமே ஆகாது.

அடுத்தது பேட்டரி. உபரி லித்தியம் பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. ஒவ்வொன்றும் 100 வாட்-ஹவர் (பேட்டரி தேக்கும் மின்சக்தியின் அளவு) வரை தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதத்தோடு இரண்டு. வோல்ட்டை மில்லி ஆம்பியர்-ஹவரால் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் வாட்-ஹவர் வந்துவிடும். சோனியின் சாதாரண கேமரா பேட்டரி 7.2 வோல்ட், 2,280 மில்லி ஆம்பியர்-ஹவர்: 16.4 வாட்-ஹவர்தான். 20,000 மில்லி ஆம்பியர்-ஹவர் பவர் பேங்க் 3.7 வோல்ட்டில் 74. ஆகவே நம்மில் பெரும்பாலோருக்கு எண்ணிக்கையில் சிக்கல் வராது. எங்கே வைக்கிறோம் என்பதில்தான் வரும். முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் பிளாஸ்டிக் மூடியிலோ தனிச் சிறு உறையிலோ வையுங்கள்.

இங்கே பை வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சேலம், தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குப் பறக்கும் ஏடிஆர் ரகச் சிறிய விமானங்களில் தலைக்கு மேல் உள்ள பெட்டி சிறியது. பருத்த பையை ஏணியடியிலேயே வாங்கி அடியில் ஏற்றிவிடுவார்கள். அந்த நேரத்தில் பேட்டரிகளை எடுத்துவிட வேண்டும், கேமராவையும் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரிசை காத்து நிற்கும்போது நடுத்தரையில் பையைப் பிரிக்க முடியாது. உள்ளே இருக்கும் தடுப்புக் கூடு மொத்தமாக வெளியே வரும்படியான பை இந்த இடத்தில் கைகொடுக்கும். கூட்டை உருவித் தோளில் மாட்டிக்கொண்டு, வெளிப்பையை அவர்களிடம் கொடுத்துவிட்டு ஏறிவிடலாம். பாதுகாப்புச் சோதனையில் கேமராவைத் தட்டில் எடுத்து வைக்கச் சொல்லும்போதும் இதே வசதி.

ட்ரைபாடைக் கேபினுக்குள் விடுவதும் தடுப்பதும் சோதனையில் நிற்பவரின் முடிவு. அதை நம்பி இருக்காமல் செக்-இன் பெட்டியில் துணிக்கு நடுவே போட்டுவிடுங்கள்.

எந்த வடிவம்

தோளில் குறுக்காகத் தொங்கும் பைதான் பழைய வடிவம். 1970களில் ஃபிலடெல்ஃபியா இன்குவயரர் நாளிதழில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஜிம் டோம்கி, கேன்வாஸ் துணியில் மெத்தென்ற ஒரு பையைத் தனக்காக வடிவமைத்தார். உடம்போடு ஒட்டிக்கொள்ளும், மேலே திறக்கும், நடந்துகொண்டே லென்ஸ் மாற்றலாம். அது அப்படியே பத்திரிகைக்காரர்களிடம் பரவி எஃப்-2 என்ற பெயரில் நிலைத்துவிட்டது. இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் நிறுவனம் மீன்பிடிப்பவர்களுக்குத்தான் முதலில் பை தைத்தது. அந்தப் பைகளைப் புகைப்படக்காரர்கள் வாங்கிப் பயன்படுத்துவது தெரிந்த பிறகு கேமரா பைக்கு மாறியது. தெருவில் படம் எடுக்கிறவருக்கு இந்த வடிவம் இன்றும் பொருந்தும். காசியின் படித்துறைகளில் பையைக் கீழே வைக்க இடம் கிடைக்காது. ஈரம், சேறு, கூட்டம், மாடு. படகிலும் அதே நிலைதான். அங்கே உடம்பை விட்டு இறங்காத பைதான் வேண்டும். ஆனால் எடை முழுவதும் ஒரே தோளில் விழும். 3 கிலோவைத் தாண்டினால் இரண்டாம் நாள் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

ஸ்லிங் பை இதன் சின்ன உறவு. 5 முதல் 10 லிட்டர் வரை கிடைக்கும். ஒரு கேமரா, மாட்டிய லென்ஸ், இன்னொரு சின்ன லென்ஸ், ஒரு பேட்டரி. முதுகிலிருந்து மார்புக்கு ஒரே இழுப்பில் சுற்றிவந்துவிடும். என்னைக் கேட்டால், நகரம் பார்க்கும் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. இடம் குறைவு என்பதே இதன் நன்மை.

முதுகுப் பை மலைக்கும் நீண்ட நடைக்கும். இரண்டு தோளிலும் இடுப்பிலும் எடை பிரிந்துவிடுவதால் 6, 7 கிலோவைக்கூட நாள் முழுக்கச் சுமக்கலாம். லோப்ரோ பைகளின் தொடக்கமே மலையேற்றம்தான். அதைத் தொடங்கிய கிரெக் லோவ் ஒரு மலையேறி, 1960களின் இறுதியில் உட்சட்டம் வைத்த முதுகுப் பையைச் செய்தவர். வால்பாறை, மேகமலை, லடாக் என்று போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். குறை என்ன என்றால், படம் கண்ணில் பட்டதற்கும் கேமரா கையில் வருவதற்கும் நடுவே அரை நிமிஷம் போய்விடும். மார்புப் பட்டையில் கேமராவை மாட்டிக்கொள்ளும் கிளிப் ஒன்று சேர்த்தால் இந்தக் குறை பெருமளவு தீர்ந்துவிடும்.

சக்கரம் வைத்த ட்ராலி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விமான நிலையத் தரையில் அருமையாக ஓடும். நம் ரயில் நிலையப் படிக்கட்டிலும் நடைபாதையிலும் அதை நீங்கள்தான் தூக்க வேண்டும், அதுவும் சக்கரம், கைப்பிடி எடையோடு சேர்த்து.

ஐந்தாவது வழி ஒன்று இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. தடுப்பு வைத்த கூடு ஒன்றை மட்டும் தனியாக வாங்கி, ஏற்கெனவே இருக்கும் நல்ல முதுகுப் பைக்குள் வைப்பது. செலவு குறைவு. பார்ப்பவருக்கு அது கேமரா பை என்று தெரியாது. ஊரில் இறங்கியதும் கூட்டை எடுத்து அறையில் வைத்துவிட்டு, அதே பையில் துணி, சாப்பாடு எடுத்துப் போகலாம். முதல் பயணப் பை வாங்குகிறவர் இதில் தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன். நாலைந்து பயணங்கள் போன பிறகு உங்களுக்கு என்ன குறைகிறது என்று உங்களுக்கே தெளிவாகத் தெரிந்துவிடும். பெரிய செலவை அப்போது செய்யலாம். ஒரு நிபந்தனை உண்டு: கூட்டின் உயரமும் அகலமும் பையின் உள்ளளவோடு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் நடக்கும்போது உள்ளே புரளும்.

எந்தப் பக்கம் திறக்கிறது

முதுகுப் பை என்று முடிவு செய்தவர்கள் நிறத்தையும் பாக்கெட்டையும் பார்க்கும் முன் ஜிப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

முன்பக்கம் முழுக்கத் திறக்கும் பையில் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். ஆனால் திறக்க வேண்டுமானால் முதுகுப் பக்கம் தரையில் படும்படி படுக்க வைக்க வேண்டும். தரையில் சேறு இருந்தால் அடுத்த நிமிஷம் அந்தச் சேறு உங்கள் சட்டையில். முதுகோடு ஒட்டும் பக்கத்தில் திறக்கும் பையில் இந்தத் தொல்லை இல்லை. அழுக்கு வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும். இன்னொரு பெரிய நன்மை, மாட்டியிருக்கும்போது பின்னால் நிற்பவர் எவரும் ஜிப்பைத் தொட முடியாது. திருவிழாக் கூட்டம், நெரிசலான பேருந்து, ரயில் ஏறும் வாசல் என்று நினைத்துப் பாருங்கள். இடுப்புப் பட்டை உறுதியாக இருந்தால் தோள் பட்டைகளைக் கழற்றி, பையை முன்னால் சுழற்றி, தரையில் வைக்காமலே திறக்கலாம்.

பக்கவாட்டில் திறக்கும் பை வேகமானது. ஒரு தோளைக் கழற்றி முன்னால் இழுத்தால் கேமரா கையில். ஆனால் அந்த ஜிப் பூட்டப்படாமல் இருந்தால் விரைந்து நடக்கும்போது தானாக இளகி, கேமரா நேராகத் தரைக்கு. பக்க ஜிப் உள்ள பையில் அதை இழுத்துக் கொக்கியில் மாட்டும் வசதி இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்க வேண்டாம்.

இரண்டு வழி போதும்: முதுகுப் பக்கம் ஒன்று, பக்கவாட்டில் அல்லது மேலே ஒன்று. நான்கு பக்கமும் திறக்கும் பையில் எந்த ஜிப் திறந்திருக்கிறது என்று பார்ப்பதே தனி வேலையாகிவிடும்.

ஜிப் இழுப்பான்கள் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் வளையம் இருக்கட்டும். நம் பயணங்களில் பையை ஒப்படைக்க வேண்டிய இடங்கள் அதிகம். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கேமராவும் செல்போனும் கொண்டுபோக முடியாது. காசி விசுவநாதர் கோயிலிலும் அப்படியே. தாஜ் மகாலுக்குள் பெரிய பையும் ட்ரைபாடும் விடமாட்டார்கள். வெளியே பாதுகாப்பு அறையில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு சின்ன எண் பூட்டு எல்லாத் திருட்டையும் தடுக்காது, ஆனால் சும்மா திறந்து பார்க்கிற கையைத் தடுக்கும். சாமி கும்பிடும் நாளையும் படம் எடுக்கும் நாளையும் பிரித்து வைத்துக்கொண்டால் இந்தக் கவலையே வேண்டாம்.

ரயிலும் பேருந்தும்

ரயிலில் கீழ்ப் படுக்கைக்கு அடியில் பையைச் சங்கிலியால் பிணைக்கக் கம்பி வளையம் இருக்கும். துணிப் பெட்டியை அங்கே பிணையுங்கள். கேமரா பை உங்களோடு படுக்கையிலேயே இருக்கட்டும், தலைப்பக்கம், ஜிப் உள்ள பக்கம் சுவரைப் பார்த்தபடி. மேல் படுக்கை கிடைத்தால் இன்னும் நல்லது. பை பருமனாக இருந்தால் படுக்கையில் உங்களுக்கே இடம் இருக்காது. 20 லிட்டரை ஒட்டிய பைகள்தான் பயணத்துக்கு ஏற்றவை என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேருந்தில் மடியில்தான். மேலே உள்ள கம்பித் தட்டு குறுகல், பிரேக் அடித்தால் விழும். ஆம்னி பேருந்தின் அடியில் உள்ள டிக்கியில் கேமராவை ஒருபோதும் போடாதீர்கள். வெக்கை, அதிர்வு, மேலே வந்து விழும் பெட்டிகள். மடியில் வைத்து ஆறு மணி நேரம் உட்கார முடியுமா என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள் முதுகெலும்புக்கு நேராக லென்ஸ் மாதிரிக் கடினமான பொருள் வராதபடி அடுக்க வேண்டும். விழுந்தால் அடிபடுவது கேமரா மட்டும் இல்லை. முதுகுப் பக்கம் லேப்டாப்போ மடித்த துணியோ இருக்கட்டும்.

உடம்புக்குப் பொருந்துகிறதா

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். கடையில் காலிப் பையை மாட்டிப் பார்த்தால் எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும். உங்கள் கருவிகளையே எடுத்துப் போய் உள்ளே அடுக்கி மாட்டுங்கள், கூச்சப்பட வேண்டாம். பத்து நிமிஷம் கடைக்குள்ளேயே நடங்கள். குனியுங்கள், படி ஏறுங்கள்.

இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும், வயிற்றில் இல்லை. அதை இறுக்கிய பிறகு தோள் பட்டையைச் சற்றுத் தளர்த்தினால் எடை இடுப்புக்கு இறங்குவது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தப் பையின் முதுகு உங்களுக்கு நீளம் அல்லது குட்டை. கேமரா பைகள் பலவற்றில் இடுப்புப் பட்டை என்ற பெயரில் ஒரு மெல்லிய நாடா மட்டும் இருக்கும். அது பை ஆடாமல் பிடிக்கும், எடையைத் தாங்காது. மொத்தம் 5 கிலோவுக்குள் என்றால் அந்த நாடா போதும். அதற்கு மேல் மலை ஏறுகிறவர்களுக்கு மெத்தை வைத்த அகலப் பட்டை வேண்டும்.

உயரம் குறைந்தவர்களும் பெண்கள் பலரும் இதில் சிரமப்படுகிறார்கள், ஏனென்றால் பல பைகள் ஒரே முதுகு நீளத்தில் தைக்கப்படுகின்றன. முதுகு நீளத்தை ஏற்றி இறக்கும் வசதி உள்ள பைகள் உண்டு. விலை கூடுதல், ஆனால் இவர்களுக்கு அந்தச் செலவு நியாயமானது. மார்புப் பட்டை மேலும் கீழும் நகர வேண்டும். தோள் பட்டை கழுத்தை உரசக் கூடாது.

முதுகில் காற்றோட்டம் பற்றி நிறைய விளம்பரம் செய்வார்கள். நம் வெயிலில் எந்தப் பையும் முதுகை நனைக்கத்தான் செய்யும். பள்ளம் வைத்த மெத்தை ஓரளவு உதவும், அவ்வளவுதான்.

துணி, ஜிப், மழை

பையின் குறிப்பில் 500 டீனியர், 1680 டீனியர் என்று போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டீனியர். எண் கூடக்கூட நூல் தடிமன், பையின் எடையும் கூடும். பயணப் பைக்கு 400 முதல் 600 வரை நைலான் போதும். அடிப்பகுதி மட்டும் தடித்த துணியாக இருந்தால் நல்லது.

துணியை விட ஜிப் முக்கியம். பை கெட்டுப்போவது பெரும்பாலும் ஜிப்பில்தான். ஒய்.கே.கே. என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஜிப் என்றால் இழுப்பானில் அந்த எழுத்து இருக்கும். மூலையில் திரும்பும்போது ஒரு கையால் இழுத்துப் பாருங்கள், சிக்கினால் வேண்டாம்.

கடலோர ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பல பைகளின் உட்புறத்தில் தண்ணீர் புகாமல் இருக்கப் பாலியூரித்தேன் பூச்சு பூசியிருப்பார்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் சில வருஷங்களில் அது சிதைந்து பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உதிரும். அந்தச் செதில்கள் லென்ஸ் மாற்றும்போது, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் போய் ஒட்டும். பழைய பை வாங்குகிறவர்கள் உள்ளே கையைவிட்டுத் தடவிப் பாருங்கள். பிசுக்கு இருந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

மழைக்கு வருவோம். "தண்ணீர் ஒட்டாது" என்பதும் "தண்ணீர் புகாது" என்பதும் வேறு வேறு. மேலே தெளித்த பூச்சு தூறலைத் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தையல் துளைகள் தாங்காது. ஆகவே மழை உறை வேண்டும், பையோடு வராவிட்டால் தனியாக வாங்குங்கள். உறை போட்ட பிறகும் முதுகுப் பக்கம் திறந்தே இருக்கிறது. கழுத்து வழியாக வழியும் தண்ணீர் அந்தப் பக்கமாக இறங்கி, உறையின் அடியில் தேங்கும். பை அந்தக் குளத்தில் உட்கார்ந்திருக்கும். உறையின் அடியில் சின்ன வடிதுளை இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், கேமராவையும் லென்ஸையும் உள்ளே தனித்தனியாக நல்ல தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுவிடுவது ஆகப் பாதுகாப்பான ஏற்பாடு. செலவும் கிடையாது.

உள்ளே அடுக்குவது

லென்ஸ் மாட்டிய நிலையிலேயே கேமராவை வைக்க இடம் வேண்டும். கழற்றி வைத்தால் ஒவ்வொரு தடவையும் மாட்ட வேண்டும், தூசி புகும். பையின் உள் ஆழம் 14, 15 செ.மீ. இருந்தால் பெரும்பாலான கேமரா பாடிகள் அமரும். பெரிய பாடி வைத்திருப்பவர்கள் அளவெடுத்துக்கொண்டு போங்கள். கனமானவை முதுகை ஒட்டி, தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே. அடியில் எல்லா எடையும் தங்கினால் பை பின்னால் இழுக்கும். தண்ணீர் பாட்டில் வெளிப்பாக்கெட்டில் மட்டும். மூடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கேமராவோடு ஒரே அறையில் வைக்க வேண்டாம்.

முதுமலை, பந்திப்பூர் என்று காட்டுயிர் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு நீளம்தான் பிரச்சினை. சோனி 200-600 லென்ஸ் 318 மி.மீ. நீளம், 2,115 கிராம். கேமரா மாட்டிய நிலையில், லென்ஸ் முனையில் மாட்டும் ஹூடைத் (வெளிச்சத் தடுப்பு வளையம்) திருப்பிப் போட்டால்கூட 40 செ.மீ. நெருங்கும். பையின் உயரத்தில் தடுப்புகளை எடுத்துவிட்டு நடுவில் ஒரே நீண்ட அறை அமைக்க முடிகிறதா என்று கடையிலேயே செய்து பாருங்கள். ஜீப்பில் ஜன்னல் விளிம்பில் லென்ஸைத் தாங்க வைக்கும் பீன் பேக் என்ற சிறு மூட்டையைக் காலியாக எடுத்துப் போய், போன இடத்தில் அரிசியோ பருப்போ வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம்.

ஏ.சி. அறையில் இருந்து புழுக்கமான வெளியே போகும்போது பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியும். இருபது, முப்பது நிமிஷம் மூடிய பைக்குள்ளேயே கேமரா மெதுவாகச் சூடேறட்டும். தடித்த ஃபோம் இதற்கும் பயன்படுகிறது.

வாங்கும் நாள்

கடையில் பார்க்க வேண்டியவை சில: பையைத் தரையில் நிறுத்தினால் தானாக நிற்கிறதா. தடுப்பின் வெல்க்ரோ பிய்த்து ஒட்டிய பிறகும் இறுகப் பிடிக்கிறதா. தோள் பட்டை பையோடு சேரும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக அழுத்தித் தைத்திருக்கிறார்களா. மேலே தூக்கும் கைப்பிடி முழு எடையைத் தாங்குமா. உள்துணி வெளிர் நிறமா. கறுப்பு உள்துணியில் கறுப்பு லென்ஸ் மூடி விழுந்தால் மாலை வெளிச்சத்தில் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே பெரிதாக கேமரா நிறுவனத்தின் பெயர் இருந்தால் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லத் தேவையில்லை.

இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பும் நாட்கள் முடிவதற்குள் முழு எடையோடு ஒரு நாள் உள்ளூரிலேயே சுற்றிவிடுங்கள். சந்தைக்கோ கடற்கரைக்கோ அதே பையோடு போய், உண்மையாகவே படம் எடுத்துப் பாருங்கள். எந்த ஜிப்பை அதிகம் தேடினீர்கள், எந்தத் தோள் வலித்தது என்று அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். பயணம் கிளம்பும் நாளில் புதுப் பையைப் பிரிக்காதீர்கள்.

விலையைப் பொறுத்தவரை, உள்ளே போகும் கருவிகளின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு பைக்குச் செலவழிப்பது நியாயம் என்பது என் எண்ணம். அதற்குமேல் போனால் வடிவமைப்புக்கும் பெயருக்கும்தான் கொடுக்கிறோம். பிடித்திருந்தால் கொடுக்கலாம், தவறில்லை.

திரும்பி வந்த பிறகு

பயணம் முடிந்ததும் கேமராவைப் பையிலேயே விட்டுவிட்டு அலமாரியில் வைக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். ஃபோம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காற்று இல்லை, வெளிச்சம் இல்லை. லென்ஸில் பூஞ்சை வளர இதைவிட நல்ல இடம் கிடையாது. வந்த அன்றே எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். கருவிகளை 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் உள்ள உலர் பெட்டியில் வையுங்கள்; அது இல்லாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, மலிவான ஈரமானி ஒன்றையும் போட்டு. பையின் தடுப்புகளைப் பிரித்து, தலைகீழாகத் தட்டி, மூலைகளில் வேக்வம் கிளீனர் வைத்து மணலை உறிஞ்சுங்கள். கடற்கரைக்குப் போய் வந்திருந்தால் ஜிப் பற்களை ஈரத் துணியால் துடையுங்கள். உப்பு தங்கினால் இழுப்பான் இறுகிவிடும். வாஷிங் மெஷினில் போட வேண்டாம், பூச்சு உரியும். நிழலில், எல்லா ஜிப்பும் திறந்தபடி, இரண்டு நாள் காய வையுங்கள்.